எண்ணெய் காலி

காஜா கடலைப் பார்த்ததே கிடையாது. காரிமங்கலத்தில் பிறந்து, காரிமங்கலத்திலேயே ரேடியோ செட் கடை வைத்து, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று ஊர் ஊராகக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுப் பிழைக்கிற மனுஷன் கடலுக்கு எங்கே போவது? ரொம்பப் போனால் கிருஷ்ணகிரி டேம். அதுவும் தண்ணீர் வற்றிக் கிடந்த கோடையில் ஒருமுறை. ஆனால் கப்பலைக் கவிழ்ப்பதில் அவனை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. அவன் மூழ்கடித்த கப்பல்களை வரிசையாக நிறுத்தினால் சந்தைத் திடல் கொள்ளாது.

சிரிக்காதீர்கள். விஷயம் இதுதான். எண்பத்து நாலாம் வருஷம் அவன் பெண்டாட்டி அஸ்கரி பேகத்தின் தம்பி தாவூது துபாயிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் ஒரு சின்ன டிவியும், அட்டைப்பெட்டி ஒன்றும் கொண்டுவந்தான். பெட்டியில் மிக்ஸி இருக்கும் என்று அவன் அம்மா ஜான் பீ ஆசையாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ரப்பர் பட்டன் வைத்த ஒரு கறுப்புப் பலகை. அதை டிவியில் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டினால் கம்ப்யூட்டராம். கேசட் ஓடும்போது வந்த சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஐந்து நிமிஷம் கதறும். "இதுக்கா பாலைவனத்துல கெடந்து வெந்தே? இதுல ஒரு பாட்டுகூட ஒழுங்கா வராது போலருக்கே" என்று ஜான் பீ தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கதறல் நின்றால் திரையில் கடல் வரும். விளையாட்டுக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. இவர்கள் இருவரும் "கடல்" என்றே வைத்துக்கொண்டார்கள். சுட்டுத் தள்ளிப் புள்ளி சேர்க்கிற சின்னப்பிள்ளை விளையாட்டு இல்லை அது. ஒவ்வொரு கப்பலுக்கும் எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ரேடாரைப் போட்டால் எதிரி தெரிவான். அதே நேரம் அவனுக்கு நீயும் தெரிவாய். நீர்மூழ்கிக்கு பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும், வந்தால் அடி விழும். கூட வந்த புத்தகம் தலையணை கனம். தாவூது எட்டாவதோடு நின்றவன், காஜா பத்தாவது ஃபெயில். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி, சண்டை போட்டு, ஒருத்தனை ஒருத்தன் முட்டாள் என்று திட்டி, ஒரு மாதத்தில் அந்தப் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டார்கள்.

இருப்பதோ ஒரே பலகை, ஒரே திரை. ஒருத்தன் கப்பலை நகர்த்துவதை இன்னொருத்தன் பார்த்துவிட்டால் ஆட்டமே நாறிப்போகும். அதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். தன் முறை வந்ததும் "முதுகு!" என்று கத்த வேண்டும். அடுத்தவன் உடனே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார வேண்டும். "வா" என்று கூப்பிடும்வரை, கடை பற்றி எரிந்தாலும் திரும்பக் கூடாது. சுவரில் ஒரு உரக்கடை காலண்டர் தொங்கியது. அதில் நெற்கதிரோடு நின்ற பொம்பளையின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று தாவூதுக்கு மனப்பாடம். வாடிக்கைக்காரன் யாராவது உள்ளே வந்து, ஒருத்தன் டிவியையும் ஒருத்தன் சுவரையும் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, மாமன் மச்சானுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துப் போனதும் உண்டு.

காஜா ரத்தவெறி பிடித்து ஆடுவான். பெரிய போர்க்கப்பலோடு மல்லுக்கட்டுவது அவனுக்குப் பிடிக்காது. எண்ணெய்க் கப்பலைத் தேடிப் பிடித்துக் கொல்லுவான். எண்ணெய் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட கப்பலும் நடுக்கடலில் செத்து நிற்கும். நின்றதை ஒவ்வொன்றாகக் கொளுத்துவான். திரையில் வெள்ளைக் கட்டங்கள் சிதறும், சிவப்புப் புள்ளி விரியும், ஓர் எண் வரும். அந்த எண் செத்தவர்கள் கணக்கு. காஜா அதைப் பார்த்துக்கொண்டே டீயை உறிஞ்சுவான். எண்ணெய்க் கப்பல் ஒன்று போனால் மட்டும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மைக்கைப் பிடித்து, கடை மேல் கட்டிய குழாயில் ஊருக்கே கேட்கிற மாதிரி "எண்ணெய் காலி! எண்ணெய் காலி!" என்று அறிவிப்பான். எதிர் டீக்கடை கருப்பண்ணன், "யோவ் பாயி, ரேஷன் கடையில நெசமாவே எண்ண காலியாயிருச்சின்னு சனம் அங்க சண்ட போட்டுக்கிட்டு நிக்குதுய்யா!" என்று கத்துவார். தாவூது சுவரைப் பார்த்தபடியே, "பாவி மச்சான், பேமானி மச்சான்" என்று பல்லைக் கடிப்பான். அந்தத் திட்டைக் கேட்கக் காஜாவுக்கு அவ்வளவு இனிக்கும்.

கப்பல் மூழ்கியதும் மெஷின் ஒன்று கேட்கும். தண்ணீரில் தத்தளிப்பவர்களை ஏற்றிக்கொள்ளவா? ஒய் எழுத்தைத் தட்டினால் ஏற்று, என் எழுத்தைத் தட்டினால் விடு. ஏற்றுவதானால் அடித்த கப்பல் அங்கேயே நிற்க வேண்டும். நின்ற கப்பலை நீர்மூழ்கி சும்மா விடாது. அதனால் இரண்டு பேருமே கேள்வியைப் படிக்காமலேயே அந்த ‘என்’ பட்டனைத் தட்டப் பழகிவிட்டார்கள். ஒய் அடித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

விசா இழுத்தடித்ததில் ஆறு மாசம் அந்தப் போர் நடந்தது. கடைசியில் தாவூதுக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? எண்ணெய்க் கப்பலில். கேட்டதும் காஜா விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்ள, நான் அடிச்சிருவேன், பாத்து இரு" என்றான். தாவூதும் சிரித்தான். போகும்போது மொரப்பூர் பக்கத்து வெல்டர் பச்சியப்பனையும் கூடச் சேர்த்துவிட்டான். பச்சியப்பன் சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து சும்மா இருந்தவர். அவர் பெண்டாட்டி கண்ணம்மாள் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து ஜான் பீ கையில் கொடுத்து, "உங்க புள்ள எங்க குடும்பத்துக்கு வெளக்கேத்தி வெச்சிருச்சிங்க" என்று கும்பிட்டாள்.

பாதியில் நின்ற போரைக் காஜா கேசட்டில் பதிந்துவைத்தான். யாரும் மேலே பாட்டுப் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தான். பெட்டியைப் பழைய லுங்கியில் சுற்றி வைத்தான். அதன் பிறகு மூன்று வருஷம் அவன் பட்ட பாடு இருக்கிறதே! கல்யாண வீட்டில் குழாய் கட்டிக்கொண்டிருப்பான், மனசு தெற்குக் கடலில் தாவூதின் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருக்கும். தனியாக ஆடிப் பார்த்தான். மெஷினோடு ஆடுவது சப்பென்று இருந்தது. மெஷின் திட்டாது, பல்லைக் கடிக்காது. "ஒரு வெளையாட்டுக்கு இப்பிடியா ஏங்குவீங்க, வெக்கமா இல்ல?" என்று அஸ்கரி கேட்டாள். அவன் ஏங்கியது விளையாட்டுக்கா, தாவூதுக்கா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எண்பத்தேழு கடைசியில் தந்தி வந்தது. கப்பலில் தீ. பச்சியப்பன் இறந்துவிட்டார். தாவூது ஆஸ்பத்திரியில்.

தாவூது வந்து இறங்கியபோது ஜான் பீ வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் ஒரு பக்கம் தோல் சுருங்கி இழுத்திருந்தது. இரண்டு கையும் முஷ்டியாக மடங்கி, விரலோடு விரல் ஒட்டிக் கிடந்தன. அக்கா சோறு ஊட்டினால் சாப்பிடுவான், படுக்கச் சொன்னால் படுப்பான். பேச்சு மட்டும் கிடையாது. என்னடா ஆச்சு என்று எத்தனை பேர் கேட்டும், "தீ" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வாயிலிருந்து வரவில்லை.

கண்ணம்மாள் மொரப்பூரிலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி வந்தாள். பிணம்கூட வரவில்லை அவளுக்கு. "எப்பிடிச் செத்தாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. கடைசியா தண்ணி கிண்ணி கேட்டாரா, எங்க பேர சொன்னாரா. வேற ஒன்னும் வேணாம்" என்று முற்றத்தில் நின்று கெஞ்சினாள். தாவூது குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். இரண்டாம் முறை அவள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "அப்ப இவன் ஏதோ செஞ்சிருக்கான். அதான் மொகத்த காட்ட மாட்டேங்கறான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் ஜான் பீயைப் படுக்கையில் தள்ளியது.

"என்னாங்க, அவன எப்பிடியாவது பேச வைங்க. நீங்க சொன்னாதான் கேப்பான். இப்பிடியே போனா அவன் நமக்கு இல்ல" என்று அஸ்கரி அழுதாள். காஜாவுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கிறுக்கன் லுங்கியைப் பிரித்துப் பெட்டியை எடுத்தான்.

அன்று சந்தை நாள். கடைக்கு வெளியே ஆடும் மாடும் மனுஷருமாக இரைச்சல். காஜா தாவூதைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பழைய ஸ்டூலில் உட்காரவைத்தான். கேசட் கதற ஆரம்பித்ததும் தாவூதின் உடம்பு விறைத்தது. காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். அந்தக் கையால் எப்படிப் பொத்துவது? காஜா ஓடிப்போய் சத்தத்தைக் குறைத்தான். திரையில் கடல் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலேயே எல்லாக் கப்பலும் நின்றன. தாவூதின் கண் திரையில் ஒட்டியது.

"என் கை ஆவாது" என்றான் தாவூது. தீ என்பதற்கு அப்புறம் அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"நான் அமுத்துறன் மாப்ள. நீ சொல்லு."

அங்கேதான் வினை. தாவூது சொல்லச் சொல்லக் காஜா பட்டனை அமுக்கினான். மேற்கே நாலு கட்டம். நீர்மூழ்கி கீழே இறங்கட்டும். எண்ணெய்க் கப்பல்கள் தீவுக்குப் பின்னால், ரேடார் வேண்டாம். விரல் காஜாவுடையது என்றால் கண்ணும் காஜாவுடையதுதானே? அவன் வேண்டுமென்று பார்க்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அடுத்துத் தன் முறை வந்ததும் பழக்கம் மாறாமல் "முதுகு!" என்று கத்தினான். தாவூது சொன்னபடி சுவர்ப்பக்கம் திரும்பினான். காலண்டர் மாறியிருந்தது. சுருங்கிய கழுத்து காஜாவுக்கு முன்னால் இருந்தது.

தீவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காஜாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி வடக்கே போகலாம். போயிருக்க வேண்டும். ஆனால் நாக்கில் பழைய ருசி ஊறியது. அடித்தால் இவன் குதிப்பான், பேமானி என்று திட்டுவான், திட்டுவதும் பேச்சுதானே என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். நாசகார மனசு எதற்குத்தான் சமாதானம் சொல்லாது! இரண்டு கப்பலைத் தெற்கே திருப்பி, தீவைச் சுற்றிக் கொண்டுபோய், கிட்டத்தில் வைத்து அடித்தான். முதல் எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது. திரை முழுக்கச் சிவப்பு. கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயரைத் தட்டியது. சந்தை முழுக்கக் குழாய் முழங்கியது.

"எண்ணெய் காலி! எண்ணெய் காலி!"

தாவூது திரும்பினான். "வா" என்று கூப்பிடாமலே திரும்பினான்.

"எப்பிடித் தெரியும்?"

"என்ன மாப்ள?"

"தீவுக்குப் பின்னால வெச்சிருந்தன். ரேடார் போடல. எப்பிடித் தெரியும் உனக்கு?"

காஜா இளித்தான். "பட்டன் அமுத்துனது நாந்தான? கண்ணுல பட்டுச்சி. சும்மா ஒரு..."

அவன் முடிப்பதற்குள் தாவூதின் நெற்றி அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் மைக்கில் ஏறி, குழாயில் போய், சந்தையில் விழுந்தது. காஜா ஸ்டூலோடு மல்லாந்தான். ரத்தம் வாய்க்குள் ஓடியது. தாவூது அவன் மார்மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கையால் முகத்தில், தோளில், காதில் என்று கண்மண் தெரியாமல் இடித்தான். "பாத்துட்டுப் போயி அடிக்கிறியா? பாத்துட்டுப் போயி அடிக்கிறியாடா நாயே? சிரிச்சிப் பேசிப் பாத்துட்டுப் போயி..." ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இடி. ஒவ்வொன்றையும் குழாய் ஊருக்குச் சொன்னது. காஜா கையை வீசித் தடுத்தான். மூச்சு முட்டியது. செத்தே போய்விடுவோம் என்ற பயத்தில், கைக்கு அகப்பட்டதைப் பிடித்து முறுக்கினான். அகப்பட்டது தாவூதின் வெந்த கை. புதுத்தோல் கிழிந்தது. தாவூது போட்ட அலறலில் சந்தையில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. அவன் குனிந்து காஜாவின் தோளைக் கடித்தான். சட்டையோடு சதையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. இருவரும் புரண்டு ரேக்கில் மோத, ஆம்ப்ளிஃபயரும் கேசட்டுகளும் தலைமேல் சரிந்தன. குழாய் ஒரு கிறீச்சோடு செத்தது.

கருப்பண்ணன் ஓடிவந்து தாவூதின் இடுப்பைக் கட்டிப் பிரித்தார். "கொல வுழுந்துரும்டா! வுடுங்கடா டேய்!" அஸ்கரி வாசலில் வந்து நின்று, இரண்டு முகத்தையும் பார்த்து, யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். காஜா கையைக் காட்டி எல்லாரையும் வெளியே போகச் சொன்னான். யாரும் போகவில்லை. பிறகு அவனே எழுந்து, தள்ளாடிப் போய், "நாங்க பாத்துக்கறம், போங்க" என்று ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டான்.

தாவூது சுவரோரம் சாய்ந்து இளைத்தான். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. டிவி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அந்தக் கேள்வி மின்னிக்கொண்டிருந்தது. தத்தளிப்பவர்களை ஏற்றிக்கொள்ளவா? ஒய்? என்?

காஜா அதை முதல் தடவையாக நின்று நிதானமாகப் படித்தான். ஆறு மாதம் படிக்காமல் தட்டிய கேள்வி. தாவூதின் நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தீவுக்கு மேற்கே, மூன்றே கட்டம் தள்ளி. நின்றால் சாவு நிச்சயம். ரத்தம் ஒழுகும் விரலை நீட்டி ஒய் பட்டனை அமுக்கினான்.

கப்பல் நின்றது. திரையின் ஓரத்தில், அவர்கள் அதுவரை பார்த்தே இராத ஓர் எண் முளைத்தது. ஏறியவர்கள் நாலு. கொஞ்சம் பொறுத்து ஏழு. பிறகு பதினொன்று.

தாவூது தவழ்ந்து வந்தான். எண்ணையே பார்த்தான்.

"என் நீர்மூழ்கி எங்க நிக்கிதுன்னு தெரியுமா?"

"தெரியும் மாப்ள."

"தெரிஞ்சேதான் நிறுத்தினியா?"

"தெரிஞ்சேதான்."

"முதுகு" என்றான் தாவூது.

காஜா சுவர்ப்பக்கம் திரும்பினான். மூக்கிலிருந்து சொட்டிய ரத்தம் மடியில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. பின்னால் பட்டன் சத்தம் கேட்டது. விரலால் அமுக்குகிற சத்தம் இல்லை. மடங்கிய விரல் கணுவால் இடிக்கிற சத்தம். ஒன்று. வலியில் ஒரு முனகல். இன்னொன்று. என்ன செய்கிறான்? நீர்மூழ்கியை விலகிப் போகச் சொல்கிறானா? விலகட்டும், அல்லா, விலகட்டும் என்று காஜா நெல்லுக்கதிர்கூட இல்லாத அந்தப் புதுக் காலண்டரைப் பார்த்து வேண்டிக்கொண்டான்.

டிவியில் இடி இடித்தது.

"வா" என்றான் தாவூது.

காஜாவின் கப்பல் நின்ற இடத்தில் சிவப்பு விரிந்திருந்தது. ஏறியவர்களும் போய்விட்டார்கள்.

"இப்பிடித்தான் மச்சான் நடந்துச்சி. அச்சு அசலா இப்பிடியேதான்" என்றான் தாவூது. சொல்லும்போதே அவன் உதடு கோணிக்கொண்டு போயிற்று. பிறகு எல்லாம் வந்தது.

"பகல்ல ஒரு சின்ன போட்டு வந்துச்சி. அந்தக் கடல்ல ரெண்டு நாட்டுக்குச் சண்ட, வந்தவன் எந்த நாட்டுக்காரன்னு தெரியாது. ரேடியோவுல கேப்டன்கிட்ட மரியாதையா கேட்டான். கப்பல் பேரு என்னா, என்னா லோடு, எங்க போவுது. கேப்டன் எல்லாம் சொன்னாரு. போவும்போது கையாட்டிட்டுப் போனான் மச்சான். பச்சியப்பண்ணன் துண்ட எடுத்து அவனுக்குப் பதிலுக்கு ஆட்டுனாரு. நல்லவனா இருக்கான்டா தாவூதுன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள அதே போட்டு திரும்பி வந்துச்சி. நாங்க படுக்கற ரூம பாத்துதான் அடிச்சான். எங்க ஆளு இருக்கும்னு பாத்துட்டுப் போயிருக்கான். பக்கத்துக் கட்டில்ல இருந்தவன் பாதிதான் இருந்தான், மீதிய காணம். எகிறித் தண்ணியில வுழுந்தா தண்ணியே எரியுது. பச்சியப்பண்ணனுக்கு வயித்துல தகடு ஏறியிருந்துச்சி. அப்பிடியும் என் காலர வுடல அந்தாளு. முங்காத, முங்காதன்னு கத்திக்கிட்டே இழுத்தாரு. ஒரு பெரிய கப்பல் வந்துச்சி, பாத்துச்சி, நிக்காம போயிருச்சி. அப்பறம் ஒரு சின்ன கப்பல். அவரு விசில ஊதுனாரு. அது நின்னுச்சி."

அவன் மூச்சு வாங்கினான். காஜா அவன் கிழிந்த கையைத் தன் லுங்கி நுனியில் ஏந்திக்கொண்டான்.

"கயிறு போட்டாங்க. ஒரு ஆள்தான் ஏற முடியும். நாந்தான் மச்சான் சொன்னேன். அவருக்கு அடி பட்டிருக்கு, அவர மொதல்ல ஏத்துங்கன்னு நாந்தான் சொன்னேன். வேணாம் நீ போன்னாரு. நான் கேக்கல. அவர கட்டி ஏத்திவுட்டன். மேல போயி எட்டிப் பாத்து என்னயப் பாத்துச் சிரிச்சாரு. ஏறு தாவூதுன்னு கைய நீட்டுனாரு. அந்தப் போட்டு இன்னும் அங்கதான் சுத்திக்கிட்டு இருந்துச்சி. நின்ன கப்பல எவன் வுடுவான்? அடிச்சான். அந்தக் கப்பல் பக்கவாட்டுல கொதிக்கற இரும்பு மேல கைய வெச்சித் தொங்கிக்கிட்டு நான் பாத்தன். நான் உசுரோட இருக்கறன். அந்தக்கா வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது? உன் புருசன நாந்தான் ஏத்திவுட்டேன்னு சொல்றதா?"

அந்த நேரம் பார்த்து மெஷின் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்தத் தடவை தாவூதிடம். தத்தளிப்பவர்களை ஏற்றிக்கொள்ளவா?

தாவூது கண்ணைத் துடைக்கவில்லை. கணுவை வைத்து ஒய் பட்டனை ஓங்கி இடித்தான். பட்டனில் ரத்தம் அப்பியது. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு இங்கிலீஷில் ஒரே வரி வந்தது. நீர்மூழ்கியில் இடமில்லை.

தாவூது மறுபடி இடித்தான். இடமில்லை. மறுபடி. இடமில்லை. காஜா எழுந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். கடல் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

"மொரப்பூர் போவலாம் மாப்ள" என்றான் காஜா. உடைந்த மூக்கால் அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நானும் வர்றன். நீ சொன்னத அப்பிடியே சொல்லு."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

மறுநாள் தர்மபுரி போய், அங்கிருந்து மொரப்பூர் பஸ் ஏறினார்கள். ஒருத்தனுக்கு மூக்கில் பிளாஸ்திரி, ஒருத்தனுக்குக் கையில் கட்டு. கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக்கொல்லை ஓரமாக நடந்து போனார்கள். கண்ணம்மாள் வாசலில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். தாவூதைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றது. எழுந்தாள்.

தாவூது காஜாவின் பக்கம் தலையைச் சாய்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"மச்சான்... முதுகு."

காஜா திரும்பி நின்றான். எதிரே கரும்பு. பின்னால் தாவூதின் குரல் தடுமாறித் தொடங்கியது. போட்டு வந்ததை, கையாட்டியதை, துண்டை ஆட்டியதை, தண்ணீர் எரிந்ததைச் சொன்னது. "நாந்தான்க்கா ஏத்திவுட்டன்" என்று சொன்னது. அப்புறம் முறம் விழுந்தது, தானியம் சிதறியது. பளீரென்று ஓர் அறை. இன்னொன்று. இன்னொன்று. தடுக்கிற சத்தமே இல்லை. காஜாவின் தோளில் கடிபட்ட இடம் தானாக வலித்தது. பிறகு, "சிரிச்சாரா? நெசமாவே சிரிச்சாரா சாமி?" என்று அவள் கேட்டதும், "கைய நீட்டுனாருக்கா" என்று அவன் சொன்னதும், இரண்டு பேரும் சேர்ந்து கதறியதும் கேட்டது.

காஜா திரும்பவில்லை. "வா" என்று கூப்பிடும்வரை திரும்பக் கூடாது. அது அவர்கள் போட்ட சட்டம்.